கொழுந்துக்கூடையில் பிடித்த தண்ணீர்

நான் ஒரு தடவை இருபத்திரண்டு பேருக்கு ஒரு மனிதரைக் குடிக்கக் கொடுத்துவிட்டேன். நானும் குடித்தேன். குடித்துவிட்டு, ருசியாக இருக்கிறதே என்று இன்னொரு சிரட்டை கேட்டும் வாங்கினேன். பொலிஸுக்குப் போகவேண்டிய விஷயம் இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் றக்வானப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் கதை ஆளுக்கொரு விதமாக நடமாடுகிறது. போன மாதம் ஒருவன் என்னிடமே வந்து, நான் எலும்பை இடித்துப் போட்டதாகச் சொன்னான். அதனால் நடந்ததை நானே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மன்காரனோடு சண்டை மூள்வதற்கு முந்தின வருடம். எனக்கு இருபத்தோரு வயது. றக்வானவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கம்பவுண்டருக்குக் கீழே வேலை. வேலை என்றால் போத்தல் கழுவுவது, பேதி மருந்து கலக்கும்போது கரண்டியைப் பிடித்துக்கொள்வது, அவ்வளவுதான். ஆனால் லயத்துச் சனங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள், என்னையும் "கம்பவுண்டரு தம்பி" என்று கூப்பிட்டார்கள், நான் மறுக்கவில்லை. ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ் இருந்தது. மருந்தறை அலமாரியில் அட்டை கிழிந்த வைத்தியப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதில் புரிந்த பக்கங்களைப் படித்தேன். புரியாத பக்கங்களைப் புரிந்த மாதிரி மற்றவர்களுக்கு விளக்கினேன். (அந்த வயதில் எல்லாரும் அப்படித்தான். சரி, நான் கொஞ்சம் கூடுதல்.)

அந்த வருடம் கம்பவுண்டர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குக் கப்பல் ஏறினார். அதே சமயத்தில் துரை மலைக்கு மேலே காடு வெட்டிப் புதுக்காடு திறக்க ஆள் அனுப்பினார். பதினைந்து நாள் காட்டிலேயே தங்கி மரம் சாய்க்கவேண்டும். போன வருடம் இதே வேலைக்குப் போன கூட்டத்தில் மூன்று பேர் சீதபேதியில் செத்துப்போனார்கள். கம்பளியில் தூளி கட்டித்தான் அவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவன் என்னைவிட இளையவன். அவன் அம்மா மருந்தறை வாசலில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பெயர் கூப்பிடும்போது துரை என்னை முன்னால் வரச் சொன்னார். அவருடைய தமிழில் மரியாதைச் சொல் ஒன்றுகூடக் கிடையாது, ஆனால் அர்த்தம் தெளிவாக இருக்கும். நீ இவர்களோடு போ, தண்ணீர் உன் பொறுப்பு, எல்லாரும் தங்கள் காலால் நடந்து திரும்பி வந்தால் மருந்தறைச் சாவி உனக்கு, ஒருத்தன் தூளியில் வந்தாலும் நீ இந்தத் தோட்டத்துப் பக்கமே வராதே என்றார். நான் மார்பை நிமிர்த்தி, தண்ணீர் சுத்தம் பண்ணுவதில் பதினொரு வழி தெரியும் என்று சொன்னேன். புத்தகத்தில் இருந்தது மூன்று. எனக்குப் புரிந்தது ஒன்றரை.

ஆண்கள் இருபத்தொரு பேர், சமைக்க மருதாயி அக்கா. தலைவர் பழனியாண்டிக் கங்காணி. ஐம்பது வயது, பெரிய மீசை, சாத்திரம் சம்பிரதாயம் என்றால் பிடிவாதக்காரர். பல்லி சொன்னால் கோடரியைக் கீழே வைத்துவிடுவார்.

மேலே போய்ச் சேர்ந்தால், ஓடைத் தண்ணீர் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. மேற்பக்கத்தில் இரத்தினக்கல் தோண்டுகிறவர்கள் மண்ணை அரித்துக் கழுவுகிறார்கள். அதற்கும் மேலே யாருடைய எருமைகளோ காலையும் மாலையும் படுத்துக் கிடக்கின்றன. தகரத்தில் ஊற்றிக் கொதிக்க வைத்தேன். சூடான சேறு கிடைத்தது. மருதாயி அக்கா அதை ஒரு வாய் வைத்துவிட்டு, இதைச் சுவருக்குப் பூசலாம் என்றாள்.

அடுத்து, என் வேட்டியை எட்டாக மடித்து வடிகட்டினேன். தண்ணீர் அப்படியே இருந்தது, வேட்டி சிவந்துவிட்டது. கொண்டுபோனது அந்த ஒரு வேட்டிதான். மீதி நாளெல்லாம் நான் காவி உடுத்தவன் மாதிரித்தான் அலைந்தேன்.

கடைசியில் கூடைக்கு வந்தேன். சட்டிப்பானை சுமந்துவந்த கொழுந்துக்கூடை ஒன்று இருந்தது. அதற்குள் பழைய கம்பளித் துண்டை விரித்து, கீழே கூழாங்கல், மேலே மணல், நடுவில் கரி என்று அடுக்கி, மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டு, மேலே ஊற்றினால் கீழே தெளிந்த தண்ணீர் சொட்டும். அதைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்கவேண்டும். இதுதான் புத்தகத்தில் எனக்கு முழுசாகப் புரிந்த அந்த ஒன்று. நான் கூடையைக் கிளையில் கட்டுவதைப் பார்த்து வேலையாட்கள் கோடரியைப் போட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள்.

"தம்பி, கூடையில தண்ணி புடிக்கிற ஆள இன்னைக்கித்தான் பாக்குறேன்," என்றார் கங்காணி.

கூடை தயார், கரிதான் இல்லை. நன்றாக எரிந்த வைர மரத்துக் கரி வேண்டும் என்று புத்தகம் சொன்னது. இரண்டு நாள் விடாத மழை; எங்கள் அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. இருந்த நாலு கங்கையும் மருதாயி அக்கா சாம்பலைப் போட்டு மூடிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அதைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றாள். சரி, காட்டில் கரி கிடைக்காதா என்று சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மலை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கினால், ஒரு சிங்கள ஊரின் ஓரத்தில் சமதரை. நாலு மூலையிலும் நாலு கம்பு நட்டு, தென்னங்குருத்து கிழித்துத் தோரணம் கட்டியிருந்தது. மழையில் நனைந்த வெள்ளைத் துணி கம்பில் தொங்கியது. நடுவில், ஆகா, கரி. மழை கழுவிப் பளபளவென்று, உள்ளங்கை அகலத்துக் கட்டி கட்டியாக, ஒரு வண்டிக் கரி.

பார்த்தவுடன் எனக்குப் புரிந்துவிட்டது. கல்யாணம். நம் ஆட்கள் குருத்தோலைத் தோரணம் கட்டினால் கல்யாணம் அல்லது திருவிழா, வேறென்ன? இவ்வளவு கரி மிஞ்சியிருக்கிறது என்றால் ஆயிரம் பேருக்காவது சோறு பொங்கியிருக்கவேண்டும். எச்சில் இலை ஒன்றுகூடக் கிடக்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. சிங்கள ஆட்கள் சுத்தமானவர்கள், அள்ளிப் போட்டிருப்பார்கள் என்று மனசுக்குள் பாராட்டினேன். கரியில் லேசாகச் சந்தன வாசனை அடித்தது. பெரிய இடத்துக் கல்யாணம்போல, விறகிலேயே சந்தனம் போட்டிருக்கிறார்கள் என்று பொறாமைகூடப் பட்டேன். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் சாப்பாடு கிடைத்திருக்குமே என்று வருத்தப்பட்டுக்கொண்டே சாக்கை நிரப்பினேன்.

கல்லால் நொறுக்கிக் கூடையில் போட்டு ஊற்றினேன். முதல் நாலு தகரம் கறுப்பாக வந்தது. ஐந்தாவது தகரத்தில் அடி தெரிந்தது. கொதிக்க வைத்து ஆற்றி, சிரட்டையில் கங்காணியிடம் நீட்டினேன். அவர் முகர்ந்தார், குடித்தார், மீசையைத் துடைத்தார், மறுபடி நீட்டினார். வரிசை நின்றுவிட்டது. மருதாயி அக்கா, இந்தத் தண்ணியில் வைத்தால் கஞ்சிக்கு உப்பே வேண்டாம் என்று சொல்லி அன்றிலிருந்து சமையலுக்கும் எடுத்துக்கொண்டாள். ஒரு வாசனை இருக்கிறதே, என்ன மருந்து போட்டாய் என்று எல்லாரும் கேட்டார்கள். அது தொழில் ரகசியம் என்றேன். (என் பல்லை அன்றே யாராவது தட்டியிருக்கலாம்.)

இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை. மரம் வெட்டுகிறவர்களைக் கூப்பிட்டு வைத்துக் கிருமி என்றால் என்ன என்று பிரசங்கம் செய்தேன். ஒருவருக்கும் வயிறு நோகவில்லை. மருந்தறைச் சாவி என் இடுப்பில் தொங்குவதுபோல அடிக்கடி தடவிப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் கிரிபண்டா என்று ஒருவர் வந்தார். கித்துள் பனை ஏறிப் பதநீர் இறக்கிப் பாணி காய்ச்சுகிறவர், கீழ் ஊர்க்காரர். கூடையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். எங்கள் எல்லாருக்கும் சிங்களம் தெரியும். நான்தான் முந்திக்கொண்டு அதன் அற்புதங்களை விளக்கினேன். கரி எங்கே பிடித்தாய் என்று கேட்டார். மலைக்கு அந்தப் பக்கம், கல்யாணப் பந்தலில் என்று பெருமையாகக் கைகாட்டினேன்.

அவர் தோளிலிருந்த சுரைக்குடுக்கையைக் கீழே வைத்தார். தலைத்துண்டை அவிழ்த்தார். மண்டியிட்டுக் கூடையைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டார்.

எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கும்பிட்டு முடித்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். அது கல்யாணம் இல்லையாம். அந்த ஊர் வெதமாத்தயா, அதாவது நாட்டு வைத்தியர், போன கிழமை காலமாகிவிட்டாராம். பெரிய மனிதர் என்பதால் புதைக்காமல் சந்தனம் வைத்து எரித்தார்களாம். அந்த இடந்தான் அது.

கங்காணி தன் கையிலிருந்த சிரட்டையைப் பார்த்தார். அது அன்றைக்கு அவருடைய நாலாவது சிரட்டை.

அதற்கப்புறம் நடந்ததை நான் விரிவாக எழுதப்போவதில்லை. இருபத்தொரு ஆண்களும் ஓடையில் விழுந்து எழுந்தார்கள். தொண்டைக்குள் விரலை விட்டார்கள். மருதாயி அக்கா கஞ்சிப் பானையைத் தூக்கி எறிந்தாள். அது என்னை நோக்கி வந்தது தற்செயல் என்று இன்றுவரை சொல்கிறாள். நானும் ஓர் ஓரத்தில் வாந்தி எடுத்தேன், ஆனால் யாரும் எனக்கு முதுகு தடவிவிடவில்லை.

குளித்து ஈரத்துணியோடு வந்து எல்லாரும் கங்காணியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இப்போது கேள்வி தீட்டு எத்தனை நாள் என்பது. கங்காணி கண்ணை மூடி யோசித்தார்.

"பொணத்தத் தொட்டா குளிச்சாப் போதும். தூக்குனா மூணு நாளு. உள்ளுக்குள்ள போயிட்டா என்னா கணக்குன்னு எங்கப்பா எனக்குச் சொல்லித் தரலியே," என்றார்.

ஒருவன் ஒரு நாள் என்றான், ஒருவன் ஆயுசு முழுக்க என்றான். கடைசியில் கங்காணியே தீர்ப்பு சொன்னார். ரத்தத்தில் கலந்துவிட்டார், ஆகவே அவர் நமக்குப் பங்காளி. பங்காளி செத்தால் பதினாறு நாள். பதினாறு நாளும் கோடரி எடுக்கக்கூடாது, அந்தக் கூடைப் பக்கம் போகக்கூடாது. துரைக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். உங்கள் வீட்டில் துக்கம் நடந்தால் துரை வேலைக்குக் கூப்பிடுவாரா என்று திருப்பிக் கேட்டார்.

அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. தாகம் எடுத்ததும் ஒவ்வொருவராக எழுந்து போய் ஓடைத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார்கள். எருமை படுத்த தண்ணீர், போன வருடம் மூன்று பேரைத் தூளியில் ஏற்றிய அதே தண்ணீர். காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வேறு கரி சுட்டுத் தருகிறேன், வெறுமனே கொதிக்க வைத்தாவது குடியுங்கள் என்றேன். உன் கையால் இனிப் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டோம் என்றார்கள். அந்த இளையவனின் அம்மா ஞாபகம் வந்தது. சாவி போனால் போகட்டும், இவர்களில் யாராவது செத்தால் நான் எந்த முகத்தோடு லயத்துக்குள் போவேன் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, புத்திசாலியாக இல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஆசைப்பட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு பெண் இரண்டு ஆட்களோடு மலை ஏறி வந்தாள். வெள்ளை உடை, ஐம்பதைத் தொட்ட வயது, கையில் ஊன்றுகோல். கிரிபண்டா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் வந்தார். மெனிக்கே, வெதமாத்தயாவின் சம்சாரம். எங்கள் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் அடி வாங்கத் தோதாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டேன். ஓடுவதற்குத்தான் மடித்துக் கட்டினேன் என்று கங்காணி பிற்காலத்தில் எல்லா இடத்திலும் சொன்னார். அதுவும் பொய் இல்லை.

மெனிக்கே கூடையைப் பார்த்தாள். யார் செய்தது என்று சிங்களத்தில் கேட்டாள். இருபத்திரண்டு விரல்கள் என்னை நோக்கி நீண்டன. நான் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணம் என்று நினைத்துவிட்டேன், தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று உளறினேன். கல்யாணம் என்றதும் அவள் உதடு துடித்தது. அழப்போகிறாளா சிரிக்கப்போகிறாளா என்று தெரியவில்லை. கூடைக்குள் விரலை விட்டுக் கிண்டிப் பார்த்தாள்.

"மணலைக் கழுவாமப் போட்டிருக்க. கரியையும் சரியா நொறுக்கல," என்றாள்.

பிறகு, எலும்பையெல்லாம் மறுநாள் காலையிலேயே பொறுக்கிவிட்டோம், நீ எடுத்தது வெறும் பலா விறகும் நாக மர விறகும்தான் என்றாள். அதைக் கேட்டு ஏழெட்டுப் பேர் சத்தமாக மூச்சு விட்டார்கள். முந்தின நாள் கொதிக்க வைத்த தண்ணீர் தகரத்தில் மிச்சம் இருந்தது. ஒரு சிரட்டை கொடு என்றாள். கங்காணி பதறிப்போய், வேண்டாம் அம்மே, அது இன்னார் தண்ணீர் என்று தடுத்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சிரட்டையை வாங்கி நிறுத்தி நிதானமாகக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். குடித்துவிட்டு அப்படியே மர வேரில் உட்கார்ந்து அழுதாள். மருதாயி அக்காதான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்ததும் மெனிக்கே பேசினாள். நான் தமிழில் சொல்கிறேன்.

"முப்பது வருசமா இந்த மலை பூரா ஏறி எறங்கி, ஓடைத் தண்ணிய அப்பிடியே குடிக்காதீங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. எங்க ஊருல ஒருத்தன் காதுல வாங்கல. எம் பிள்ளைங்களே வாங்கல. இப்ப செத்து ஆறு நாள்ல இருவத்தி மூணு பேர வடிகட்டிக் காய்ச்சிக் குடிக்க வச்சிட்டாரு. நீங்க திரும்ப ஓடைக்கிப் போறீங்கன்னு கிரிபண்டா சொன்னான். அதுக்குத்தான் கோவமா ஏறி வந்தேன். கரி எடுத்ததுக்கு இல்ல."

கங்காணி பதினாறு நாள் தீட்டு விஷயத்தைத் தயங்கித் தயங்கி எடுத்துச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, செத்தவர் உங்கள் ஆளா எங்கள் ஆளா என்று கேட்டாள். உங்கள் ஆள்தான் என்றார். அப்படியென்றால் எங்கள் வழக்கப்படிதான், நாளைக்கு ஏழாம் நாள் தானம், பிக்குகளுக்குச் சாப்பாடு போட்டதும் எங்களுக்குத் துக்கம் முடிந்தது, பங்காளி என்று சொல்லிக்கொண்டால் போதாது, எல்லாரும் வந்து வீட்டில் சாப்பிடவேண்டும் என்றாள். கங்காணி நெடுநேரம் யோசித்தார். சாத்திரத்தில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. தானே போய்த் தகரத்திலிருந்து ஒரு சிரட்டை மொண்டு, கிழக்கே பார்த்து நின்று குடித்தார். அவருக்குப் பின்னால் மறுபடி வரிசை நின்றது. நான் மணலைக் கழுவப் போய்விட்டேன். என் கண்ணைக் கழுவவும் அது வசதியாக இருந்தது.

மறுநாள் ஆளுக்கு இரண்டு கட்டு விறகு வெட்டிச் சுமந்துகொண்டு போனோம். பிக்குகள் சாப்பிட்டு எழுந்ததும், வீட்டுக்காரர்கள் வரிசையில் எங்களை உட்காரவைத்துப் பாற்சோறும் பலாக்காய்க் கறியும் போட்டார்கள். நாங்கள் துக்கத்தை மறந்து சாப்பிட்டோம்.

திரும்பி வந்தால், புதுக்காட்டில் ஒரு மரக்கட்டையின் மேல் துரை உட்கார்ந்திருக்கிறார். குதிரை பக்கத்தில் நிற்கிறது. வேலை பார்க்க வந்தவர், ஒரு ஆள் இல்லாத காட்டில் மூன்று மணி நேரமாகக் காத்திருந்திருக்கிறார். முகம் சிவந்திருந்தது. கையில் சிரட்டை. எங்கள் இருபத்து மூன்று பேர் கண்ணும் அந்தச் சிரட்டையிலேயே இருந்தது. அவர் திட்ட வாயைத் திறந்த நேரம் பார்த்து, பாற்சோற்றை அளவில்லாமல் தின்ற ஒருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாப்பாடு அதிகம் துரை, வேறொன்றும் இல்லை என்று அவன் வயிற்றை நானே தட்டிக் காட்டினேன்.

பக்கத்து வீட்டுத் துக்கத்துக்குப் போனோம் என்றதைத் துரை பாதி நம்பினார். அரைநாள் பெயர் வெட்டிச் சம்பளத்தைப் பிடித்தார். பிறகு சிரட்டையைக் காட்டி, இந்தத் தண்ணி யார் செய்தது, மூன்று தடவை குடித்தேன், நம்ம பங்களாவில்கூட இப்படி இல்லை என்றார். நான் செய்தேன் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பின்னால் கங்காணி மருதாயி அக்காவிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

"தொரையும் பங்காளியாயிட்டாரு."

பதினைந்தாம் நாள் மலை இறங்கினோம். வழி நெடுக நான் ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் இருபத்திரண்டு, எல்லாரும் தங்கள் காலில். லயத்துக்குள் நுழைந்ததும் பெண்களும் பிள்ளைகளும் ஓடிவந்து அவரவர் ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். சாவி கிடைத்தது. அதை வாங்கும்போது சந்தோஷப்பட வேண்டியவன், மருந்தறைக்குப் பின்னால் போய் நின்று விக்கி விக்கி அழுதேன். பயம் அப்போதுதான் வெளியே வந்தது.

அந்த உறவு விட்டுப்போகவில்லை. வருடா வருடம் வெதமாத்தயாவின் தானத்துக்கு ஆள் வந்துவிடும், நாங்களும் விறகோடு போய்விடுவோம். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் என்னை "சீயாவைக் குடித்த மாமா", அதாவது தாத்தாவைக் குடித்த மாமா, என்றுதான் வந்தவர்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறார்கள். வந்தவர்கள் ஒரு அடி தள்ளித்தான் உட்காருகிறார்கள். எனக்குக் கல்யாணம் ஆனபோது என் மனைவியிடம் இதை நானே சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அதற்கு முன்னால் கங்காணி சொல்லிவிட்டார். முதல் ஆறு மாதம் அவள் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

போன தை மாதம் என் மூத்த மகளுக்குக் கல்யாணம். மெனிக்கே முடியாத உடம்போடு வண்டியில் வந்து இறங்கினாள். மகன் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வந்து பெண் வீட்டு உறவுகள் வரிசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளை வீட்டார் பெல்மதுளைப் பக்கத்து ஆட்கள், எதையும் துருவிக் கேட்கிறவர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, சபை நடுவிலேயே என் மனைவியிடம் கேட்டார். அந்தச் சிங்கள அம்மா உங்களுக்கு எப்படி உறவு, அப்பா வழியா அம்மா வழியா என்று. கங்காணி கதையைத் தொடங்குவதற்காகத் தொண்டையைச் செருமினார். அதற்குள் என் மனைவி, தாம்பூலத் தட்டிலிருந்து கையைக்கூட எடுக்காமல் பதில் சொன்னாள்.

"ரெண்டும் இல்லீங்க. தண்ணி வழி."